குறுணி இருநாழி: கோயிற் கல்வெட்டுக்களில் அளவும் அளவு மாற்றமும்

அளவை என்னுஞ் சொல் நம் சித்தாந்த நூல்களிற் பயிலும் பொருள் ஒன்று. உலக வழக்கிற் பயிலும் பொருள் மற்றொன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவை யிலக்கணத்தொடு தொடங்கி, பிறர் விரித்த அளவைகளை யெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினமை அன்பர்கள் நன்கறிந்ததே. ஈண்டு யான் எடுத்துக்கொண்டது அவ்வளவை யன்று. நாழியும் மரக்காலும் கழஞ்சும் கோலுமாகிய மற்றை அளவையே. எனினும் இரண்டும் ஒரு சொல்லான் வழங்குதல் வறிது நிகழ்ந்ததாகாது. பொருளை இன்னதென வரையறுத்து ஐயமுந் திரிபும் நீக்குதல் இரண்டற்கும் பொதுவாகலின், ஒன்றிற் பிழைத்தவன் மற்றொன்றினும் பிழைப்பான் என்பதனை என் சொந்த அநுபவத்தானே காட்டப் புகுகின்றேன்.

இதற்கு வாயில் திறந்தவன் என் பேரன். மேனிலைப் பள்ளியிற் பயிலும் அவன் பௌதிக நூலின் முதற் பாடத்தைத் திண்ணையிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஓர் அளவை மற்றோரளவாக மாற்றுங்கால், ஒன்றற்குச் சமமான ஒரு விகிதத்தாற் பெருக்குக. பெருக்கியபின் வேண்டாத அளவின் பெயர் மேலுங் கீழுமாய் அடிபட்டொழியும். அடிபடவில்லையாயின் கணக்குப் பிழை என்க: இதுவே அப்பாடத்தின் சாரம். 1 மீட்டர் 100 சென்டிமீட்டர்க்குச் சமமாகலின், இதனை அதனால் வகுத்த ஈவு ஒன்றே. ஒன்றாற் பெருக்கப் பொருள் மாறாது, பெயர் மட்டும் மாறும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, மடத்துப் பாடசாலையிலே கல்வெட்டுக் கணக்கை விளக்கிய ஆசிரியர் திருமுன்னர் மீண்டும் அமர்ந்தாற்போன்றிருந்தது. பெயர் மாறும், பொருள் மாறாது என்னும் அதனையே அவர் வேறு சொல்லாற் சொல்லியிருந்தார்.

முதற்கண் இலக்கணம். அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் மொழிமுதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத் தொகைமரபில் வரையறுத்தார். அவை க, ச, த, ப, ந, ம, வ என்பனவும், அகர உகரங்களுமாம். உரையாசிரியர் அளவுக்குக் காட்டிய பெயர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. நிறைக்குக் காட்டியவை கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை. உகரத்தை முதலாகவுடைய நிறைப்பெயர் காட்டப்படாமை நோக்குக. ஒரு மொழியிற் புழங்கும் அளவுப் பெயர்களை யெல்லாம் ஒருங்கு வைத்து அவற்றின் முதலெழுத்தை எண்ணிப் பார்த்த இலக்கண நூல் பிறிதுண்டோ என்பது எனக்கு வியப்பே.

இவ்வளவுப் பெயர்களிற் பல குயவன் சக்கரத்திற் பிறந்தவை. கலம், சாடி, தூதை, பானை, அகல் என்பன மட்பாண்டங்கள். விருத்தாசலத்திற் பீங்கான் சூளைகளைக் கண்டவர்க்கு இதில் ஒரு நுட்பம் புலப்படும். ஈர மண்ணால் வனைந்த கலம் உலருங்காற் சுருங்கும். சூளையிற் சுடுங்கால் மேலுஞ் சுருங்கும். மண்ணுக்கு மண், தீக்குத் தீ அச்சுருக்கம் வேறுபடும். ஆகலின் மட்கலம் ஒன்றைப்போல் மற்றொன்று அமைதல் அரிது. பின்னர் வழக்கில் நின்ற அளவுகருவி மரத்தாலாகிய மரக்கால் ஆனமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. கலம் என்னும் பெயர் மாத்திரம் பாண்டத்தை விட்டுப் பிரிந்து பன்னிரு மரக்காற் பேரளவுக்கு ஆயிற்று.

எண்சுவடி வாய்பாட்டை இளமையிற் கற்றார்க்கு நினைவிருக்கும். நெல் 360 கொண்டது ஒரு செவிடு. செவிடு 5 ஓர் ஆழாக்கு. ஆழாக்கு 2 ஓர் உழக்கு. உழக்கு 2 ஓர் உரி. உரி 2 ஒரு நாழி. நாழி 8 ஒரு குறுணி. குறுணி 2 ஒரு பதக்கு. பதக்கு 2 ஒரு தூணி. தூணி 3 ஒரு கலம். எனவே நாழி ஒன்றுக்கு நெல் 14,400. கலம் ஒன்றுக்கு நாழி 96. குறுணியென்றும் மரக்காலென்றும் வழங்குவது ஒன்றே. செவிடும் ஆழாக்கும் நீங்கலாக ஏனைய பெரும்பாலும் இரண்டிரண்டாய் ஏறுதல் காண்க. பாதி பாதியாகப் பகுத்தல் கண்ணுக்கும் கைக்கும் எளிது. பத்தாகப் பகுத்தல் எழுத்துக்கே எளிது. களத்திலே நெல்லளப்பவனுக்கு வேண்டியது முன்னையது.

இனித் தஞ்சைக்குச் செல்வோம். இராசராசீச்சரத்துக் கல்வெட்டுக்களில் பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணி முதலியன நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். நெல்லளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் கல்லிலே வெட்டப்பெற்றது. இறைவன் திருப்பெயரைக் கல்லுக்கும் மரக்காலுக்கும் இட்டது பக்தி மாத்திரையான் அன்று. இன்ன கல், இன்ன மரக்கால் என்று பெயரிட்டாலன்றி, பொன் இத்தனை கழஞ்சு என்பதும் நெல் இத்தனை கலம் என்பதும் பொருளற்ற எண்களாய் முடியும். எண் பாதி, அலகு பாதி என்று இக்காலப் பௌதிகர் மாணாக்கர்க்குச் சொல்லும் பாடத்தை அக்கல்வெட்டு ஒவ்வொரு வரியினும் கடைப்பிடித்துள்ளது.

அதன் விமானத்துச் செப்புக்குடத்தைப் பற்றிய செய்தியை எடுத்துக் கொள்க. செம்பு 3083 பலம், அதன்மேற் போர்த்த பொன் 2926½ கழஞ்சு என்பது கல்வெட்டு. கழஞ்சு ஒன்றுக்கு மஞ்சாடி 20. மஞ்சாடி ஒன்றுக்குக் குன்றி 2. மஞ்சாடி விதை ஏறக்குறையக் கால் கிராம் நிறையுடையது ஆகலின் கழஞ்சு 5 கிராமும் சிறிது மிகுதியுமாம். அப்பொன் ஏறக்குறைய 15 கிலோகிராம் ஆகும். இது விதையை நிறுத்துக் கண்ட தோராயம். செம்பின் பலத்தை மாற்றுதற்கு அவ்வெளிமையும் இல்லை. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் காலத்து வழங்கிய பலம் 3 தோலா. தோலா ஒன்று 180 கிரெயின், அஃதாவது சிறிது குறைய 11.7 கிராம்; எனவே அந்தப் பலம் 35 கிராம். அதனைக்கொண்டு 3083 பலத்தை 108 கிலோகிராம் என்று எழுதிவிடுதல் எளிது. இராசராசன் காலத்துப் பலமும் தோலாக் காலத்துப் பலமும் ஒன்றே என்று எவர் சொன்னார்? பெயரொற்றுமை அளவொற்றுமைக்குச் சான்றாகாது. இங்கே பெருக்குகின்ற விகிதம் ஒன்றற்குச் சமமானதுதானா என்பதே ஐயம். அவ்வையம் நீங்காமற் பெருக்கினால் பெயர் மட்டுமன்றிப் பொருளும் மாறும்.

இப்பிழையை யான் முன்பு செய்தவன். நாற்பதாண்டுகட்கு முன்னர், நடுநாட்டுச் சிவாலயமொன்றன் திருப்பணி விழாவுக்குத் தலவரலாற்றுச் சிறுநூல் எழுதித் தரும்படி அவ்வூரார் கேட்டனர். அக்கோயிற் கல்வெட்டொன்றில் திருவமுதுக்கு நாள்தோறும் அரிசி நானாழி என்றும், அதற்கு நெல் குறுணி இருநாழி என்றும் கண்டேன். எங்கள் பக்கத்துக் களத்தில் யான் இளமையிற் கண்ட மரக்கால் நான்கு சின்னப்படி கொண்டது. அதனையே மனத்துட்கொண்டு, குறுணி நான்கு நாழி, அதனொடு இருநாழி, ஆக ஆறு நாழி நெல் என்று கணக்கிட்டேன். ஆறு நாழி நெல்லைக் குற்றினால் நானாழி அரிசி எங்ஙனம் காணும்? காணாது. எனவே, திருவமுதுக்கு விட்ட நிவந்தம் தொடக்கத்திலேயே போதாதென்றும், இடைநின்ற கோயிற் பணியாளர் நெல்லைக் குறைத்துக் கல்லில் வெட்டுவித்திருத்தல் வேண்டுமென்றும் துணிந்தெழுதினேன். அஃது அச்சாகி ஊரெங்கும் பரவிற்று.

விழா முடிந்த சில நாட்களில், பழைய பண்ணையொன்றிற் கணக்கெழுதி ஓய்ந்திருந்த முதியவரொருவர் அந்நூலைக் கையிற் கொண்டு என் வீடு தேடி வந்தார். ஏடு படித்தவரேயன்றி நூல் கற்றவரல்லர். “ஐயா, குறுணி என்றால் எத்தனை நாழி என்று அந்தக் கல்லையே கேட்டிருக்கலாமே” என்றார். யான் விளங்காது நின்றேன். அவர் திண்ணையில் விரலாற் கோடிட்டுக் காட்டினார். நெல் ஐந்துக்கு அரிசி இரண்டு என்பது பழைய குத்தற் கணக்கு; கல்வெட்டுக்களில் ஐந்திரண்டு வண்ணம் என்று வருவது அதுவே. அரிசி நானாழி வேண்டுமாயின் நெல் பத்து நாழி வேண்டும். கல்லிலோ குறுணி இருநாழி என்றிருக்கிறது. பத்திலிருந்து இருநாழியைக் கழித்தால் குறுணி எட்டு நாழி. கல்லே தன் மரக்காலை இன்னதென்று சொல்லிவிட்டது, கேளாதவன் யான்.

ஒரு வரியினுள்ளே இரண்டு பொருளும் இரண்டு அளவும் இருந்து ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. அரிசியை நாழியாற் சொல்லி, நெல்லைக் குறுணியாற் சொல்லி, இடையே ஐந்திரண்டு என்னும் விகிதத்தை வைத்தால், எட்டு என்பது தானே வெளிப்படும். வேறு எண்ணிட்டால் வரி உடைந்துபோம். காண்டல் அளவையால் யான் கண்ட மரக்கால் நான்கு படி. அதனைக் கல்வெட்டின் மரக்காலுக்கு ஏற்றியது போலிக் கருதல். முந்நூறாண்டோ எண்ணூறாண்டோ முன்னர் மாண்டொழிந்த பணியாளர்மேற் களவுப் பழி சுமத்தியதற்கு என் கையெழுத்தே சான்றாய் நின்றது. அடுத்த பதிப்பிற் பிழை திருத்தம் வெளியிட்டேன். முதற் பதிப்பைக் கொண்டவர் பலர் திருத்தத்தைக் கண்டிலர். இன்றும் அவ்வூரிற் சிலர் அப்பழியைச் சொல்லக் கேட்கின்றேன்.

மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது பொய்யன்று. சென்னையில் மரக்கால் 8 படி. மரக்கால் 5 ஒரு பறை. பறை 80 ஒரு கரிசை. வேறிடங்களில் நான்கு படியே மரக்கால். படியும் பட்டணம் படி, சின்னப்படி எனப் பிரிந்தது. இத்தகைய குழப்பம் நமக்கே உரியதன்று. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்கர் செவ்வாய்க் கிரகத்துக்கு விடுத்த விண்கலமொன்று, உந்துவிசைக் கணக்கை ஒருசாரார் பவுண்டு அலகிலும் மற்றொரு சாரார் நியூட்டன் அலகிலும் கொண்டமையால் வழி பிழைத்தழிந்தது. ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். எண்ணை மட்டும் அனுப்பினர். பெற்றவர் அதற்குத் தம் அலகைச் சேர்த்துக்கொண்டனர். யான் குறுணிக்குச் செய்ததும் அதுவே. அவர்க்குப் பொருளிழப்பு, எனக்குப் பழியிழைத்த பாவம்.

விளக்கு நிவந்தங்களை நோக்கினால் அளவு மாற்றம் இன்னும் விரியும். நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் நெய் ஓர் உழக்கு. அதற்கு விட்ட ஆடு 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. ஆகவே இரண்டு ஆடு ஒரு பசு, மூன்று பசு ஓர் எருமை என்று நெய்யை இடைநிறுத்தி உயிர்களையும் ஒன்றனுக்கொன்று மாற்றியிருக்கின்றனர். ஆண்டுக்கு 360 நாளென்று கொள்ளின் நெய் 360 உழக்கு, அஃதாவது 90 நாழி. அதனை 96 ஆடுகட்குப் பங்கிட்டால் ஆடு ஒன்றுக்கு ஆண்டொன்றில் மூன்றே முக்கால் உழக்கு. நாழிக்குக் கால் உழக்குக் குறைவு. இடையன் மேல் விழும் கடன் ஆடு ஒன்றுக்கு ஒரு நாழிக்குள் அடங்கும்படி அமைத்தார் போலும். ‘சாவா மூவா’ என்று அவ்வாடுகளைக் கல்வெட்டுச் சொல்லுவது, இறந்தவற்றின் இடத்தை ஈன்றவற்றால் நிரப்பி எண்ணைக் குறையாமற் காத்தல் பற்றி. ஆடு அழியும், தொண்ணூற்றாறு அழியாது.

வட்டிக் கணக்கும் இத்தகையதே. இராசராசீச்சரத்தில் முதலாக வைத்த காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி சிலவிடத்து அரைக்காற் காசு. சிலவிடத்து நெல் முக்குறுணி. இரண்டும் ஒன்றாயின், அரைக்கால் காசின் விலை முக்குறுணி. முழுக்காசின் விலை அதன் எண்மடங்காகிய 24 குறுணி, அதாவது இரண்டு கலம். காசையும் நெல்லையும் இங்ஙனம் ஒன்றனால் ஒன்றை அளந்தறியலாம். நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி என்பது இக்காலத்தார் கூறும் முறை. எனினும் அரைக்கால் என்னுஞ் சொல்லே சுருக்கமும் தெளிவும் உடையது.

நிலவளவைக்கு வருவோம். அரசர் ஆணையால் நிலமளந்தார்க்கு உலகளந்தான் என்னும் பட்டம் வழங்கிற்று. இது திரிவிக்கிரமன் பெயர். எங்கள் ஸ்ரீமுஷ்ணத்திலோ நிலத்தை அளந்தவனல்லன், நீரினின்று எடுத்தவனாகிய பூவராகன் எழுந்தருளியிருக்கின்றான். எடுத்தபின் அன்றோ அளத்தல்! இராசராசன் ஆட்சியில் ஏறக்குறைய 1001-இல் நிகழ்ந்த நிலவளவையும், முதற் குலோத்துங்கன் காலத்து 1086-இல் நிகழ்ந்ததும் பெயர்பெற்றவை. இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் நிலமும் உடைமையும் கணக்கெடுப்பித்த ஆண்டும் அந்த 1086-ஆம் ஆண்டே என்பது நினைவில் நிற்கும் ஒற்றுமை.

வேலி ஒன்றுக்கு மா 20. மா ஒன்றுக்குப் பெரும்பான்மையும் குழி 100. குழியென்பது கோல் நீளமும் கோல் அகலமும் உடைய சதுரம். எனவே கோல் மாறினால் குழி அதன் இருபடியாக மாறும். கல்வெட்டுக்களிற் பன்னிருசாண் கோலும் வரும், பதினாறுசாண் கோலும் வரும். பன்னிரண்டு சாண் கோற் குழி 144 சதுரச் சாண். பதினாறு சாண் கோற் குழி 256 சதுரச் சாண். ஆகலின் நெடுங்கோலால் 9 குழியான நிலம், குறுங்கோலால் 16 குழியாகும். நிலம் ஓரங்குலமும் வளரவில்லை. குழி ஏழு மிகுந்தது. குழிக்கு இத்தனை நெல் கடமை என்று விதித்துவிட்டுக் கோலை மட்டும் குறுக்கினால், உழவன் கண்ணெதிரே அவன் வரி ஏறிவிடும். விகிதம் பன்னிரண்டுக்குப் பதினாறு என்று எண்ணியிருப்பவனுக்கு அவ்வேற்றத்தின் முழு அளவும் புலப்படாது. கோயில் அதிட்டானங்களிலும் சுவர்களிலும் அளவுகோலைக் கீறி வைத்த இடங்கள் தமிழகத்திற் பல. அதன் கருத்து இதனால் விளங்கும். அரசன் ஆளும் கோல் மாறலாம். அளக்கும் கோல் மாறினால் கல்லிலே கீறியதொடு வைத்துப் பார் என்று எவரும் கேட்கலாம்.

இராசராசன் நிலவளவையைப் பற்றிப் பெருமை பேசுவார் ஒரு செய்தியை அடிக்கடி எடுத்துரைப்பர்: வேலியில் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரை நுண்ணிதின் அளந்தனர் என்பது. எண் சரியே. முந்திரி என்பது 1/320. கீழ் என்று முன்வைத்தால் மேலும் 320-ஆற் குறையும். 320-ஐ மும்முறை பெருக்கி, அதனை மாவுங் காணியும் கூடிய 1600-ஆற் பெருக்கினால் அவ்வெண் வரும். ஆயினும் அதன் பொருள் யாது? பிற்காலத்துத் தஞ்சை வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அதனை அவ்வெண்ணால் வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டரிற் பாதியளவே நிற்கும். ஒரு நெல்லை வைத்தாலும் அதனை மறைத்துவிடும் இடம் அது. எந்தக் கோலும் கயிறும் வரப்பை அவ்வளவு நுண்மையாக அளந்திரா. இப்பின்னம் வயலிற் பிறந்ததன்று. ஏட்டில், தரத்துக்குத் தரம் பெருக்கியும் வகுத்தும் வந்த கணக்கிற் பிறந்தது. கணக்கர் கடைசித் துளியையும் விடாமல் எழுதியது அவர்தம் நேர்மைக்கும் பின்ன வாய்பாட்டின் ஆற்றலுக்கும் சான்று. கோலின் நுண்மைக்குச் சான்றன்று. அளந்து பெற்ற இலக்கம் எத்தனை, பெருக்கிப் பெற்ற இலக்கம் எத்தனை என்று பிரித்தறிக என்பதும் என் பேரன் பாடத்தில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முன்னோரைப் புகழ்வார் அவர் செய்ததனைப் புகழ்தல் வேண்டும்.

சிற்பநூல் வழக்கு வேறொரு நெறியது. மயமதம் முதலிய நூல்கள் பரமாணுவிற் றொடங்கித் தேர்த்துகள், மயிர்நுனி, ஈர், பேன், யவை, அங்குலம் என எட்டெட்டாக ஏற்றும். ஆறு படி ஏறினால் அங்குலம். எனவே அங்குலத்துக்குப் பரமாணு 2,62,144. முழம் 24 அங்குலம். முழத்தை 45 சென்டிமீட்டராகக் கொண்டால் அப்பரமாணு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பதினாலாயிரத்தில் ஒரு பங்கு. இதுவும் ஏணிக் கணக்கே. ஆகமங் கற்றார்க்கு இதனினும் பயன்படுவது அங்குலத்தின் மூவகை. யவை எட்டாலாவது மானாங்குலம். செய்விப்போன் நடுவிரலின் நடுக்கணுவாலாவது மாத்திராங்குலம். திருவுருவத்தின் உயரத்தையே தாளமுறைப்படி 124, 120 முதலிய கூறுகளாகப் பகுத்துக் கொள்வது தேகலப்தாங்குலம். மூன்றாவது அங்குலத்துக்கு வேறெதனொடும் மாற்றுக் கணக்கு வேண்டா. உத்தம தசதாளத்தில் முழு உயரம் எப்போதும் 124. சாணளவுத் திருமேனியாயினும் ஆளுயரத் திருமேனியாயினும் முகமும் மார்பும் அதே எண்ணுக்கு நிற்கும். ஸ்தபதியார் ஓலையில் நீளவாட்டிற் கோடிட்டு மடித்து அக்கூறுகளைக் கணத்தில் எடுத்துவிடுவர். நம்மவர் அளவைத் தொல்லைக்குக் கண்ட மிக நேர்த்தியான தீர்வு இதுவே என்று யான் கருதுகின்றேன்.

மேனாட்டார் செய்த தீர்வு உலகையே அளவாக்குதல். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தைக் கோடியாகப் பகுத்து அதிலொன்றை மீட்டர் என்று 1799-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவினர். பூமியை அளக்கும் அவாவே 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயரைச் சென்னைப் பரங்கிமலையருகே எஃகுச் சங்கிலியொடு நிறுத்திற்று. அவர் 1808-இல் தம் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றுங்கால், கயிறறுந்து அஃது சுவரில் மோதிச் சிதைந்தது. வாரக்கணக்காய் இருந்து தாமே செப்பஞ்செய்து கொண்டார். ஆடவல்லான் மரக்கால் வெட்டுண்ட கோயிலிலே புது அளவைக் கருவி முதன்முதல் அடிபட்டது எனக்கு ஒரு புன்முறுவல் தரும்.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தனவே. 1957 ஏப்ரல் முதல் நாளில் ரூபாய் நூறு காசாயிற்று. அணாவும் பையும் ஒழிந்தன. 1956-இல் இயற்றிய சட்டப்படி 1958 அக்டோபரிலிருந்து மீட்டர் முறை படிப்படியாக வந்து, 1962-இல் வீசையும் மணங்கும் கடைகளை விட்டகன்றன. வீசை 40 பலம், அதாவது 120 தோலா, 1400 கிராம். என் அன்னையார் இறுதிவரை வெல்லத்தை வீசையாலேயே எண்ணிக் கடைக்காரனிடம் ‘ஒன்றரைக் கிலோவில் ஒரு கை குறைத்துப் போடு’ என்பார். பிழை நூறு கிராம் தான். கிலோகிராமுக்கு 1889 முதல் பாரிசை அடுத்துப் பேணப்பட்ட பிளாட்டின இரிடியக் கட்டியே முதலளவாயிருந்தது. அதன் வழிப்பட்ட 57-ஆம் எண் கட்டி டில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உள்ளது. 2019 மே 20 முதல் கட்டியை விட்டு, இயற்கையின் மாறிலியொன்றையே கிலோகிராமுக்கு இலக்கணமாக்கினர். ஆடவல்லான் கல்லோ இன்று காணக் கிடைத்திலது. கல்வெட்டு இருக்கிறது, நிறைகல் இல்லை.

ஒத்துப் பார்த்தற்கு முதற்பொருள் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு எங்கள் நடுநாட்டுத் திருமுதுகுன்றத்தில் நிகழ்ந்ததினும் சிறந்த சரித்திரம் இல்லை. செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய அத்தலத்திலே, அதற்கு முன்னரே சுந்தரமூர்த்தி சுவாமிகள் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்த் திருக்குளத்தில் எடுத்துக்கொள்க என்பது ஆணை. ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பழமொழி இதனின்றும் எழுந்தது என்பர். சேக்கிழார் பெருமான் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துள் இதனை விரிக்குங்கால் ஒரு செய்தியை விடாது கூறுகின்றார்: சுவாமிகள் ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் மச்சம் வெட்டிக் கைக்கொண்டார். மச்சம் என்பது மாற்றறிதற்கு எடுத்துவைக்கும் மாதிரித் துண்டு.

கொடுத்தவன் இறைவன், பெற்றவர் தம்பிரான் தோழர். அவ்விருவரிடையிலும் மாதிரித்துண்டு வேண்டுமோ என்று இளமையில் யான் ஆசிரியரை வினவியதுண்டு. அவர் சிரித்து, “தோழமை வேறு, கணக்கு வேறு” என்றார். மாற்று என்னும் சொல்லைப் பொற்கொல்லர் இன்றும் வழங்குவர். பத்தரை மாற்று என்பது கலப்பற்ற தங்கம். இக்கால வழக்கில் 24 காரட். 22 காரட் நகைக்கு மாற்று எத்தனையென்று வினவின், பத்தரையை 22-ஆற் பெருக்கி 24-ஆல் வகுக்க, ஒன்பதரையே அரைக்கால் என்று மீதமின்றி வரும். 2021 ஜூன் முதல் கட்டாயமாக்கிய முத்திரையில் 916 என்று காண்பது அதுவே. ஆயிரத்துக்குக் கூறியதனால் எண் வேறுபட்டது, பொன் வேறுபடவில்லை.

ஆரூர்க் குளத்தில் எடுத்த பொன்னை மச்சத்தொடு உரைத்துப் பார்த்தபோது உரை தாழ்ந்தது. சுவாமிகள் ‘ஆயினும் ஆகுக’ என்று கொண்டாரல்லர். மச்சத்தை மாற்றினாரும் அல்லர். மீண்டும் பதிகம் பாடினார்; பொன் மச்சத்தொடு ஒத்தது. அன்று உரைத்தறிந்த மூத்த பிள்ளையார் மாற்றுரைத்த பிள்ளையார் என்னும் திருநாமத்தொடு திருவாரூரில் எழுந்தருளியிருக்கின்றார்.